மீன் பெயர்களைக் கொண்டு பிழையின்றி எழுதக் கற்பித்தல்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் பலர், எழுத்துப்பிழையைக் கண்டதும் அந்தச் சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். என் மகள் பிழையைக் குறைக்கவில்லை, எழுதுவதைக் குறைத்துக்கொண்டாள். தமிழில் சில பிழைகளைக் காது தீர்க்கும், சிலவற்றைக் காதால் தீர்க்கவே முடியாது என்பது அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் படியாக, ஒரு வாரம் எதையும் திருத்தாதீர்கள். பிழையான சொற்களை மட்டும் உங்கள் குறிப்பேட்டில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: ல-ள-ழ குழப்பம் ஒரு பக்கம், ந-ன-ண குழப்பமும் ர-ற குழப்பமும் அடுத்த பக்கம், ஒற்றுப்பிழைகள் மூன்றாவது பக்கம்.

இரண்டாவது படி வாய்ப்பயிற்சி. எங்கள் வடசென்னையில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடுவதால், பிள்ளை காதில் விழாத ழகரம் கையில் மட்டும் எப்படி வரும்? பாட்டியின் பேச்சைத் திருத்த முற்பட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். உரக்க வாசிக்கும்போது மட்டும் ஒலியைக் காட்டிக் கொடுங்கள். லகரத்துக்கு நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நா மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதேபோல் மடங்கினாலும் எதையும் தொடாது. "வலையில் வந்த வாளையை வாழை இலையில் வைத்தாள்" என்ற வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்ல வையுங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

மூன்றாவது படியில் காதை நம்பாமல் விதியைக் கையில் எடுக்க வேண்டும்; ஏனெனில் இன்றைய பேச்சில் நகரமும் னகரமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த நண்டையே பாடமாக்கலாம். சொல்லின் முதலில் வருவது எப்போதும் ந. டகரத்துக்கு முன் வருவது ண். 'நண்டு' என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. தகரத்துக்கு முன் ந் (பந்து), றகரத்துக்கு முன் ன் (கன்று) என்பதை அடுத்த நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். 'முந்நூறு' போன்றவை பிறகு வரட்டும்.

ரகர றகரத்துக்கு இவ்வளவு எளிய வழி இல்லை. தமிழ்ச் சொல்லின் முதலில் ற வராது, இரட்டித்து வருவது ற மட்டுமே (காற்று, திருவொற்றியூர்) என்ற இரண்டும் ஓரளவு உதவும். மற்றதை நினைவில்தான் வைக்க வேண்டும்: இறால், சுறா ஒரு பட்டியல், சங்கரா, வஞ்சிரம் இன்னொரு பட்டியல்.

நான்காவதாக ஒற்று. பெரியவர்களே தடுமாறும் இடம் இது. ட், ற் ஆகிய இரண்டையும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே 'வளர்ச்சி', 'மகிழ்ச்சி' சரி. 'முயற்ச்சி' தவறு, 'முயற்சி' என்பதே சரி. 'கடற்கரை' என்ற ரயில் நிலையப் பெயர்ப்பலகையைக் காட்டி, கடல் என்பதன் ல் எப்படி ற் ஆனது என்றும், அதன் பின் ஏன் க் இல்லை என்றும் கேளுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்களை வாசிக்கக் கொடுத்தால், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா போன்றவற்றின் வடிவம் வேறாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசிப் படி, சொல்வதை எழுதுதல். நாளுக்கு மூன்று வாக்கியங்கள் போதும், பதினைந்து நிமிடங்களைத் தாண்ட வேண்டாம். எழுதி முடித்ததும் மூலத்தைப் பிள்ளையிடமே கொடுத்துப் பிழையைத் தேடச் சொல்லுங்கள். எந்த விதியால் திருத்தியது என்பதையும் வாய்விட்டுச் சொல்லட்டும். நான்கு நாள் கழித்து அதே வாக்கியங்களை முன்னறிவிப்பின்றி மறுபடி சொல்லுங்கள். அப்போதும் தவறும் சொற்களை மட்டும் குறிப்பேட்டின் உரிய பக்கத்தில் சேர்த்து, அந்தப் படிக்கே திரும்புங்கள்.