நண்பனின் கடனுக்காகப் புனிதர்களிடம் போகும்போது செய்யும் தவறுகள்

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில், செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்காக நடக்கும் நவநாள் ஜெபத்தில் மன்றாட்டுப் பெட்டி என்று ஒன்று வைத்திருப்பார்கள். சீட்டு எழுதிப் போட்டால் பூசைக்கு முன் மைக்கில் வாசிப்பார்கள். சில வருடங்களுக்கு முன் என் நண்பன் ஒருவனுக்காக அதில் ஒரு சீட்டுப் போட்டேன். பெயர், தெரு, "4 லட்சம் வட்டிக் கடன் தீர" என்று எல்லாம் விவரமாக. அந்தோனியாருக்குத் தகவல் குறைவாகப் போய்விடக் கூடாதே என்ற அக்கறை. வாசித்தவரும் ஓர் எழுத்து விடாமல் வாசித்தார்.

வேலூர் எவ்வளவு பெரிய ஊர் என்று உங்களுக்குத் தெரியும். நண்பன் வீட்டிலேயே நாலு மெஷின் போட்டு, ஆம்பூர், பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவன். நூலும் பசையும் கடனுக்கு வாங்கித்தான் பிழைப்பு. மறுநாள் மதியத்துக்குள் நூல் கடைக்காரர் வரை செய்தி போய், "இனிமே கையில காசு, அப்புறம்தான் சரக்கு" என்றுவிட்டார். நண்பன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனைவிதான் போனில் கேட்டாள்: "சாமிகிட்ட சொல்லுங்கண்ணான்னுதானே சொன்னோம், ஊருக்கா சொல்லச் சொன்னோம்?"

அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கடனை மன்றாட்டுச் சீட்டிலோ, திருப்பலிக் கருத்திலோ (இன்னாருக்காக என்று பூசையில் வாசிப்பது), தெருவார் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்திலோ பெயரோடு சொல்லாதீர்கள். "ஒரு நண்பரின் குடும்பத் தேவைக்காக" என்றால் போதும். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் இன்னும் மோசம். மைக்கில் சொன்னது காற்றோடு போய்விடும், அங்கே போட்டது ஸ்கிரீன்ஷாட்டாக வீடு வீடாகப் போகும். நோய் என்றால் ஊர் பரிதாபப்படும், கடன் என்றால் கதவைச் சாத்தும். இரண்டையும் ஒரே மாதிரி அறிவிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

அடுத்தது, யாரிடம் என்ன கேட்கிறோம் என்பதிலேயே வரும் குழப்பம். புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டும் மன்றாட்டுமாலையைச் சொல்லும்போது வாய்தான் அசைகிறது, வார்த்தையைக் கவனிப்பதில்லை. தந்தை, மகன், தூய ஆவி என்று வரும் இடங்களில் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்கிறோம். மாதாவும் புனிதர்களும் வந்ததும் வினைச்சொல் மாறிவிடுகிறது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அவ்வளவுதான் விஷயம். கொடுப்பவர் ஒருவர், கூட நின்று கேட்பவர்கள் பலர். 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் (ஆயர்களின் உலகளாவிய மாநாடு) சொன்னதும் இதுதான்: புனிதர்களின் மன்றாட்டை நாடுவது நல்லது, பயனுள்ளது, நன்மை கிடைப்பதோ இயேசு கிறிஸ்து வழியாக இறைவனிடமிருந்து. நம் ஊரில் புனிதர்களிடம் வேண்டாத சி.எஸ்.ஐ. சபை நண்பர்களும் பெந்தெகொஸ்தே நண்பர்களும் நிறையப் பேர். "கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் ஒருவரே" என்ற விவிலியத்தின் திமொத்தேயு கடித வசனத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். கோபப்பட வேண்டாம். "அந்தோனியார் பணம் கொடுத்துவிடுவார்" என்று நாமே பேசிக்கொண்டு திரிந்தால் அவர்கள் கேட்பது நியாயம்தானே.

நண்பருக்காக எப்படிப் பரிந்து பேசுவது என்பதற்கு விவிலியத்தில் வரும் கானா ஊர்க் கல்யாணத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்தவர் வீட்டு விசேஷம். பந்தி நடக்கும்போது கையிருப்பு தீர்ந்துவிட்டது. சாம்பார் காலியான கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அப்பா முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மாதா இயேசுவிடம் போய்ச் சொன்னது ஒரே வரி: "திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது." எவ்வளவு வேண்டும், எங்கிருந்து வரவழைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. நாமோ, "மூன்றாம் தேதிக்குள் இந்த வங்கியில் லோன் சாங்ஷன் ஆகணும், மேனேஜர் மனசு மாறணும்" என்று வழிமுறையையே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். லோன் கிடைக்காமல் போனது நண்பனுக்கு நல்லதாகவும் இருக்கலாம். கடனை அடைக்க இன்னொரு கடன் கிடைப்பதை அற்புதம் என்று சாட்சி சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தப் புனிதர் என்ற கவலையும் தேவையில்லாதது. பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ், லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. என்பது போல, வேலைக்குச் சூசையப்பர், கணக்கு வழக்குக்கு மத்தேயு, கைவிட்ட நிலைக்கு யூதா ததேயு என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பாதுகாவல் எல்லாம் அவர்கள் வாழ்க்கையை வைத்து வந்த பழக்கம். மத்தேயு சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருந்தவர், சூசையப்பர் தச்சர். தப்பான ஜன்னலில் மனு கொடுத்துவிட்டோம் என்று யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை.

ஆனால் அவர்களின் கதையைத் தெரிந்துகொள்வதில் லாபம் உண்டு. மூன்று பெண்களுக்குச் சீர் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பன் வீட்டில் இரவோடு இரவாகப் பொன் முடிச்சைப் போட்டுவிட்டுப் போனவர் என்று மீரா நகர் ஆயர் நிக்கோலாசைப் பற்றிச் சொல்வார்கள். மூன்று முடிச்சு, மூன்று இரவு, கொடுத்தது யார் என்று தெரியக் கூடாது. ஐரோப்பாவில் அடகுக் கடைக்காரர்களே அவரைப் பாதுகாவலராக வைத்துக்கொண்டது வேறு வேடிக்கை.

அந்தோனியார் விஷயம் இதைவிடக் கனமானது. தொலைந்த சாவி, தொலைந்த மாடு என்று அவரைச் சின்னதாக்கி வைத்திருக்கிறோம். அவர் காலத்தில் இத்தாலியின் பதுவா நகரில் வட்டிக்காரர்கள் கை ஓங்கியிருந்தது. கடன் கட்ட முடியாதவனைச் சிறையில் போடுவார்கள். உள்ளே கிடப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கட்டுவான்? 1231-ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர் நாள்தோறும் பிரசங்கம் செய்தார். அந்த மார்ச் மாதத்தில் நகர ஆட்சி ஒரு சட்டம் போட்டது: தன் சொத்தை ஒப்படைக்கச் சம்மதிப்பவனைப் பணக் கடனுக்காக இனிச் சிறையில் அடைக்கக் கூடாது, கடன் வாங்கியவனுக்கும் சரி, ஜாமீன் நின்றவனுக்கும் சரி. சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளின்படி என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்று மாதத்தில், ஜூன் 13 அன்று, இறந்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தார்கள். நம் செவ்வாய் நவநாள் அங்கிருந்து வந்ததுதான். கடன்காரனுக்காகப் பரிந்து பேசச் சொல்லி அவரிடம் போகும்போது, அந்த வேலையை உயிரோடு இருக்கும்போதே செய்து முடித்தவரிடம் போகிறோம்.

சலேசியர் துறவற சபையைத் தொடங்கிய டான் போஸ்கோவும் அப்படித்தான். காட்பாடி, திருப்பத்தூர் பக்கம் சலேசியர் பள்ளி, கல்லூரிகளில் படித்தவர்கள் இந்தக் கதையை எப்படியும் கேட்டிருப்பார்கள். இத்தாலியின் தூரின் நகரில் சகாய அன்னை பேராலயம் கட்ட ஆரம்பித்தபோது, கட்டட மேஸ்திரிக்கு முதல் தவணையாகப் பர்ஸைக் கவிழ்த்தார். விழுந்தது எட்டுச் சில்லறைக் காசு. மாதா பார்த்துக்கொள்வாள் என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. கடிதம் எழுதினார், பரிசுச் சீட்டு நடத்தினார், வீடு வீடாக நன்கொடை கேட்டுப் போனார். 1868-இல் கோவில் அபிஷேகமாயிற்று.

நாம் செய்யும் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. "உனக்காக ஜெபிக்கிறேன்" என்பது பேச்சை முடிக்கும் வார்த்தையாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் போனை வைத்துவிடலாம். உடையும் உணவும் இல்லாதவரைப் பார்த்து, குளிர் காய்ந்துகொள், பசியாற்றிக்கொள் என்று வாயால் சொல்லி அனுப்புவதைப் பற்றி விவிலியத்தில் யாக்கோபு கடிதத்தின் இரண்டாம் அதிகாரம் கேட்கும் கேள்வி நம்மைப் பார்த்துத்தான். அதற்காக, கோவிலில் உருகிவிட்டு நேராகப் போய் நண்பனின் பத்து வட்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவும் வேண்டாம். சீராக் ஞான நூல் 29-ஆம் அதிகாரம் இரண்டையும் சொல்கிறது: நல்லவர் அடுத்தவருக்குப் பிணை நிற்பார், உன்னால் முடிந்தவரை உதவு, ஆனால் நீயும் சேர்ந்து விழுந்துவிடாதே. புரொட்டஸ்டன்ட் விவிலியங்களில் பெரும்பாலும் இல்லாத, கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் நூல் இது, நாமே திறந்து பார்ப்பதில்லை.

முடிந்தவரை என்றால் என்ன? நண்பனோடு உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று எழுதுவது. நான் எழுதியபோதுதான் தெரிந்தது, நாலு லட்சம் என்று அவன் சொன்னதில் அசல் ஒன்றரை லட்சம்தான், மீதி வட்டிமேல் வட்டி. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. போலீஸில் புகார் கொடுக்கலாம். திங்கள்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். தனியாகப் போகப் பயப்படுவான், கூடப் போய் வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அரிசி, மருந்து போன்ற அன்றாடத் தேவை என்றால் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று கேளுங்கள். இருவர் இருவராக வீட்டுக்கு வருவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

சரி, நண்பர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தால்? தாராளமாக வேண்டலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கடன் தீர்ந்தால் கோவிலுக்கு வந்துவிடு என்று தூண்டில் மட்டும் போடாதீர்கள். விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் உனக்கு இந்தக் கஷ்டம் என்று எந்த மதத்துக்காரரிடமும் சொல்லாதீர்கள். அவனுக்குக் கஷ்டம் வந்தது கம்பெனி மூன்று மாதம் பில் பாஸ் பண்ணாததால்.

பேரம் பேசுவதும் நிறைய நடக்கிறது. "இதை 13 பேருக்கு அனுப்பு, மூன்று நாளில் பணம் வரும், அனுப்பாவிட்டால் நஷ்டம்" என்று வரும் செய்திகளை அழித்துவிடுங்கள். அது மூடநம்பிக்கை, திருச்சபையும் அப்படித்தான் சொல்கிறது. நவநாளில் எட்டாம் நாள் தவறிவிட்டது என்று முதலிலிருந்து ஆரம்பிப்பவர்களும் உண்டு; ஒன்பது நாள் என்பது பக்தி முயற்சி, பாஸ்வேர்ட் இல்லை. பூசைக் காணிக்கைக்கே நண்பனைக் கடன் வாங்க வைப்பது கொடுமை. காணிக்கை தர முடியாதவர்களின் கருத்துக்காகவும் பூசை வைக்கும்படி குருக்களுக்குத் திருச்சபைச் சட்டமே பரிந்துரைக்கிறது.

நேர்ச்சை விஷயத்தில் நானே மாட்டிக்கொண்டேன். அவன் கடன் தீர்ந்தால் இருவரும் சேத்துப்பட்டு லூர்து மாதா கோவிலுக்கு நடந்தே வருகிறோம் என்று நேர்ந்துவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. வட்டிக்காரரிடம் பேசி, அசலை மட்டும் தவணையாகக் கட்டி ஒருவழியாக முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "நீ நேர்ந்துக்கிட்டதுக்கு நான் ஏன்டா நடக்கணும்?" என்றான். பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, "உன் காலை நீ நேர்ந்துக்கலாம், அவன் காலை எப்படிய்யா நேர்ந்த?" என்றார். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். திருச்சபைச் சட்டம் 1193 அதைத்தான் சொல்கிறது. என் முழங்கால் நிலைமையையும் சொன்னேன். நேர்ச்சையிலிருந்து விலக்குக் கொடுக்கவும், வேறொன்றாக மாற்றவும் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. நடைக்குப் பதிலாக அந்த வருடம் நண்பன் மகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள் என்று மாற்றிக் கொடுத்தார்.

ஜூன் மாதம் அவளுக்கு 22 நோட்டு வாங்கினேன். பிரவுன் அட்டை போட்டு லேபிளில் பெயர் எழுதும்போது, இனிஷியலை மறந்து என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன் என்று அவள் நான்கு நோட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.