வாலஸ் ஸ்டீவன்ஸின் நிலா: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அதெல்லாம் வெறும் கற்பனை" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த 'வெறும்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வாலஸ் ஸ்டீவன்ஸின் கவிதைக்குள் போனால் முதல் படியிலேயே கால் இடறும். ஸ்டீவன்ஸ் (1879–1955) அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். 1934இல் அதன் துணைத் தலைவராகவும் ஆனார். ஆபீசுக்கு நடந்து போகிற வழியில் கவிதை கட்டுவது அவர் வழக்கம். அவருடைய கவிதைகளில் சூரியன் யதார்த்தத்தின் பக்கம் நிற்கிறது, நிலா கற்பனையின் பக்கம் நிற்கிறது என்று விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் இந்தக் கற்பனைக்கும் நம் பேச்சில் வருகிற 'வெறும் கற்பனை'க்கும் தூரம் அதிகம்.

அந்தத் தூரத்தைப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1817இல் வெளிவந்த 'பயோகிராஃபியா லிட்டரேரியா' என்ற நூலில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் ஒன்று சொல்கிறார்: நன்றாகப் பழகிய ஒரு நிலப்பரப்பின் மேல் நிலவொளியோ அந்தி வெளிச்சமோ படும்போது திடீரென்று ஒரு வசீகரம் வருகிறதே, கவிதையின் சக்திகளில் ஒன்று அதைப் போன்றது. கரண்ட் போன இரவில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். அதே தண்ணீர்த் தொட்டி, அதே துணிக்கொடி, மறந்துபோய் எடுக்காமல் விட்ட ஒரு வேட்டி. புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. ஆனாலும் தொட்டி குந்தியிருக்கும் யானை மாதிரி இருக்கிறது, வேட்டிக்கு உயிர் இருக்கிறது. இருக்கிற பொருளின் மேல் படுகிற வெளிச்சம்: ஸ்டீவன்ஸின் நிலாவை இங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.

அடுத்த தவறு, நிலாவைக் கண்டதும் ஒரு பெண் முகத்தைத் தேடுவது. இது நம் ரத்தத்தில் ஊறியது. காதலி முகம்போல் ஒளிவிட முடியுமென்றால் உன்னையும் காதலிப்பேன் என்று நிலாவிடமே பேசுகிறது ஒரு குறள் (1118). ஸ்டீவன்ஸும் நிலாவைப் பெண்ணாக எழுதிய இடங்கள் உண்டு. அங்கெல்லாம் காதலைக் கொண்டுவந்து நிறுத்தினால் கவிதை சினிமாப் பாட்டாகச் சுருங்கிவிடும்.

நம்மிடம் முகம் மட்டும்தான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். குறுந்தொகை 47ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் உருண்டைப் பாறை, காட்டுக்குள் புலிக்குட்டி போலத் தெரிகிறது. அந்த வழியாக இரவில் ஒளிந்து வருகிறான் காதலன். "நல்லை அல்லை நெடுவெண் ணிலவே" என்று தோழி நிலாவைக் கடிந்துகொள்கிறாள். இந்த அடியால்தான் அதை எழுதியவருக்கே நெடுவெண்ணிலவினார் என்று பெயர் வந்தது. பாறையைப் புலிக்குட்டியாகக் காட்டுகிற காட்டில் நின்றுகொண்டு நிலாவைத் திட்டுகிற கவிதை இது. ஸ்டீவன்ஸை நெருங்குவதற்கு முகத்தை விட இந்தப் பாறை அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, கற்பனையின் குறியீடு என்றால் கவிஞர் அதைப் புகழ்ந்துகொண்டே இருப்பார் என்ற எதிர்பார்ப்பு. 1923இல் வந்த 'ஹார்மோனியம்' தொகுப்பில் 'தி காமெடியன் அஸ் தி லெட்டர் சி' என்ற நெடுங்கவிதை இருக்கிறது. அதன் நாயகன் கிறிஸ்பின் கடல் பயணம் கிளம்பி, மெக்சிகோவின் யுகடான் வழியாக, கடைசியில் அமெரிக்காவின் கரோலினா வருகிறான். வழியில் நிலவொளியின் மேல் அவனுக்குப் பெரிய மயக்கம். பிறகு சந்தேகம் வருகிறது: இது நிலவா, வெறும் மூடுபனியா? கரையிறங்கும்போது மூக்கை நிமிர்த்தி முகர்கிறான். குங்கிலியத்தின் காறல் வாடை, நனைந்த மரக்கட்டை, கிடங்கு வாசலில் இருந்து வரும் காற்று, கயிறு, மக்கிப்போன சாக்கு. பார்த்ததில் எவ்வளவை இதுவரை பார்க்கவே இல்லை என்று அந்த நாற்றம்தான் அவனுக்குக் காட்டுகிறது. இங்கே நிலா கண்ணை மறைத்த பொருள். சூரியனையும் சாக்கையும் விட்டுவிட்டு நிலா வருகிற வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் படிப்பவர்களுக்கு இந்தச் சண்டை கண்ணிலேயே படாது.

சண்டை முடிந்துவிட்டது, யதார்த்தம் ஜெயித்துவிட்டது என்று அவசரப்படுவதும் தவறுதான். இதைச் சொல்ல 'தி மேன் ஆன் தி டம்ப்' கவிதைக்கு வர வேண்டும். 1942இல் வந்த 'பார்ட்ஸ் ஆஃப் எ வேர்ல்ட்' தொகுப்பில் உள்ளது. இடம் ஒரு குப்பைமேடு, அதன் மேல் ஒரு மனிதன். பொழுது இறங்குகிறது, நிலா ஏறுகிறது, சூரியனை, நிலா வைத்துவிட்டுப் போகும் பூக்கூடை என்கிறார். சொன்ன கையோடு, இந்த மேடு முழுக்கப் படிமங்கள்தான், சொல்லால் வரைந்த காட்சிகள்தான் கிடக்கின்றன என்று தானே சிரிக்கிறார். பேரிக்காய் டின்னின் மேல் சுற்றிய தாள், காகிதப் பைக்குள் பூனை, புலிப்படம் போட்ட தேயிலைப் பெட்டி, இவற்றோடு நாம் நிலாவுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்த்த உவமைகளும் குப்பையில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் உதறிய பிறகு நிலா நிலாவாகவே வருகிறது, வெறும் வானத்தில்.

நான் முதலில் வாசித்தபோது ஓரத்தில் பென்சிலால் 'நிலா = கற்பனை' என்று எழுதினேன். இந்த வரி வந்ததும், 'இங்கே கற்பனையைக் கைவிடுகிறார்' என்று இன்னொரு குறிப்பு. இரண்டுமே கவிதையை மூடிவிட்டன. சில வருடம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. உவமைகளை எல்லாம் உதறிவிட்டு ஒரு பொருளை முதன்முறை போலப் பார்ப்பதற்கும் கற்பனை வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். அந்த மனிதன் அதற்குப் பிறகும் சும்மா இருப்பதில்லை. பழைய தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதை நம்புகிறானோ அதற்காகத் தட்டுகிறான். பழைய படிமம் குப்பைக்குப் போகிறது, படிமம் செய்கிற கை ஓயவில்லை.

ஸ்டீவன்ஸிடம் கற்றதை அப்படியே எல்லாக் கவிஞர்கள் மேலும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் 1928ஆம் ஆண்டு ஜிப்சிப் பாடல்களில் நிலா கொல்லன் பட்டறைக்கு வந்து ஒரு குழந்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது. அது சாவு. அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1961இல் எழுதிய நிலா, கதவு அல்ல, கலங்கிப்போன வெளிறிய முகம்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. 'மதி' என்ற சொல் கையருகே இருக்கிறது, நிலாவுக்கும் அறிவுக்கும் ஒரே சொல், இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மதி கணக்குப் போடுகிற அறிவு, ஆய்ந்து முடிவெடுக்கிற அறிவு. கோல்ரிட்ஜ் சொன்ன அந்தத் திடீர் வெளிச்சம் அதில் இல்லை. 'நிலா' என்றே போடுவது நல்லது.

குப்பைமேட்டுக் கவிதையின் கடைசி வரி என்னை இன்னும் விடவில்லை. உண்மை என்பதை முதலில் எங்கே கேட்டோம் என்று கேட்டுவிட்டு, 'தி தி' என்று முடிக்கிறார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற அந்தச் சின்னச் சொல்தான், இரண்டு முறை, பின்னால் பெயரே இல்லாமல். தமிழில் அப்படி ஒரு சொல் கிடையாது. 'அந்த அந்த' என்று போட்டால் விரல் எதையோ சுட்டிவிடுகிறது. அங்கே சுட்டுவதற்கு ஒரு பொருள் இன்னும் வந்து சேரவில்லை. என் நோட்டில் அந்த வரி இப்போதும் மொழிபெயர்க்காமல் 'தி தி' என்றே இருக்கிறது.