கூப்பிட்டால் எழுந்து வர முடிகிற ஆட்டம்

எனக்கு வயது 41. ஒன்பது வயதில் அண்ணனோடு ஒரே கன்ட்ரோலரைப் பங்குபோட்டு வீடியோ கேம் விளையாடத் தொடங்கியவள். ஆட்டத்தில் உயிர் போனால் கன்ட்ரோலர் கைமாற வேண்டும் என்பது மட்டுமே எங்களுக்குள் இருந்த சட்டம். அன்று முதல் வீடியோ கேம் விளையாடாத மாதம் என்று ஒன்று என் வாழ்வில் இருந்ததில்லை. இப்போது வீட்டில் கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், மாமியார், நான் என ஐந்து பேர். விளையாட்டையும் விடாமல், வீட்டாரையும் காக்க வைக்காமல் இருப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுச் சண்டைகளை எண்ணிப் பார்த்தால், மணிக்கணக்கைப் பற்றி வந்தவை மிகக் குறைவு. கூப்பிட்டபோது ஆள் எழுந்து வரவில்லை என்பதே ஒவ்வொரு முறையும் வழக்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, மகள் தான் எழுதிய கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று வந்து நின்றாள். நான் ஆன்லைன் மேட்ச் ஒன்றின் நடுவில் இருந்தேன். "ஐந்து நிமிடம், கண்ணு" என்றேன். மேட்ச் முடிய 40 நிமிடம் ஆனது. திரும்பிப் பார்த்தபோது அவள் நாற்காலியிலேயே தூங்கியிருந்தாள். காகிதம் மடியில் கிடந்தது. மறுநாள் என்னிடம் வாசிக்காமலேயே பள்ளியில் கொடுத்துவிட்டாள். அந்தக் கட்டுரையை நான் இன்றுவரை கேட்கவில்லை.

அவளிடம் பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த மேட்ச் எப்போது முடியும் என்பது எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நேரம் குறித்துக் கொடுத்ததுதான் தவறு. அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அது இன்னும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவு வேறு

உங்கள் வீட்டில் விளையாடப்படும் ஒவ்வொரு கேமின் பெயரையும் எழுதி, அதற்கு எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள். நடுவில் நிறுத்தி வைக்க முடியுமா, விளையாடியது எந்த இடத்தில் சேவ் ஆகிறது (சேமிக்கப்படுகிறது), ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும். விளையாடாத பெரியவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

மகனுக்குப் பிடித்தது 2016இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி. தனி ஒருவர் உருவாக்கிய விவசாய விளையாட்டு. அதில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். மெனுவைத் திறந்தால் நேரம் நின்றுவிடும். ஆனால் டிவியோடு இணைக்கும் கேம் கருவியான கன்சோலில், கேமுக்குள் இருக்கும் நம் ஆள் வீட்டுக்குப் போய்ப் படுக்கையில் படுத்தால்தான் அன்றைய வேலை சேவ் ஆகும். ஒரு மாலையில் இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை என்று கணவர் கேமை அப்படியே மூடிவிட்டார். மகன் அழுத அழுகையைப் பார்த்து, "இது அடிமைத்தனம் அல்லாமல் வேறென்ன?" என்று மாமியார் பயந்துபோனார். அவன் அழுதது விளையாட்டு நின்றதற்காக அல்ல. கேமில் அன்று காலையிலிருந்து நட்டுத் தண்ணீர் ஊற்றிய செடிகள் எல்லாம் போய்விட்டன. நாம் பாதி எழுதிய கடிதத்தை யாராவது கிழித்துப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? "படுக்கப் போ, சேவ் ஆனதும் வா" என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வந்திருப்பான். இப்போது கணவர் அப்படித்தான் சொல்கிறார்.

2011இல் வந்த டார்க் சோல்ஸ் இதற்கு நேர் எதிர். அதில் மெனுவைத் திறந்தாலும் எதிரிகள் நிற்க மாட்டார்கள். நடுவில் நிறுத்தி வைக்கும் வசதியே கிடையாது. பார்ப்பவர்களுக்கு இது எழவே முடியாத விளையாட்டு என்று தோன்றும். ஆனால் முறைப்படி வெளியேறினால் போதும், நின்ற இடம் சேவ் ஆகிவிடும். தலைவன் போன்ற பெரிய எதிரியுடன் சண்டை போடும் நேரம் மட்டும் விலக்கு. அந்தச் சண்டையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே நோட்டில் "உடனே வரலாம்" என்று எழுதியிருக்கிறேன்.

எழ முடியாதவை ஆன்லைன் மேட்ச்கள். அவற்றிலும் வேறுபாடு உண்டு. ராக்கெட் லீகில் ஒரு மேட்சின் கடிகாரம் 5 நிமிடம். சமநிலை ஆனால் கொஞ்சம் நீளும். டோட்டா 2 போன்ற ஐவருக்கு ஐவர் ஆட்டம் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை போகலாம், அதைத் தாண்டவும் தாண்டும். நடுவில் விட்டுப் போனால் கூட இருக்கும் நால்வரின் ஆட்டமும் கெடும், நமக்கும் தண்டனை உண்டு. மகளின் கட்டுரையை நான் இழந்தது இந்த வகை ஆட்டத்தில்தான்.

இவை எல்லாவற்றையும் விட நான் அதிகம் எச்சரிக்கையாக இருப்பது இன்னொரு வகையிடம். 1991இல் தொடங்கிய, ஒரு நாகரிகத்தைக் கட்டியெழுப்பும் சிவிலைசேஷன் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முறை வைத்து ஆடுவது, எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நோட்டில் பார்த்தால் மிகவும் சாதுவான விளையாட்டு. ஆனால் இந்த முறை கட்டத் தொடங்கிய சுவர் அடுத்த முறை முடியும். அது முடிவதற்குள் வேறொன்று தொடங்கியிருக்கும். எல்லா வேலையும் ஒன்றாக முடிகிற இடம் அதில் வராது. எழலாம், மனம்தான் எழாது. இதற்கு நான் அலாரத்தை எட்டாத தூரத்தில், அடுத்த அறையில் வைக்கிறேன். அதை நிறுத்த எழுந்து நடந்தாக வேண்டும். எழுந்தபின் திரும்பி வந்து உட்காருவது குறைகிறது.

எங்கள் சிறு வயதில் இந்தக் கணக்கு எல்லாம் இன்னும் கடினமாக இருந்தது. 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த செல்டா என்ற கேமின் கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்து, விளையாடியதைச் சேமித்துக் காட்டினார்கள். எங்களிடம் இருந்த கேசட்டுகளில் அந்த வசதி இல்லை. அண்ணன் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, கன்சோலை இரவு முழுவதும் ஓடவிட்டுத் தூங்குவான். காலையில் தொட்டுப் பார்த்தால் சுடும். இன்று 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சில் ஒரு பொத்தானை அழுத்தினால் கேம் அப்படியே உறங்கிவிடுகிறது. மறுநாள் அதே நொடியிலிருந்து தொடரலாம். குழந்தை வளர்க்கிற பெற்றோருக்கு, படம் எவ்வளவு தெளிவு என்பதைவிட இந்த ஒரு வசதி பெரிது என்பேன். கன்சோல் வாங்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

தொடங்கும் முன் சொல்வது

நோட்டு எழுதியபின் பேச்சை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் "ஐந்து நிமிடம்" என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, தொடங்குவதற்கு முன்பே முடிவைச் சொல்கிறோம். "இரண்டு மேட்ச் ஆடுவேன்", "இந்த நாள் முடிந்து படுத்ததும் வருவேன்", "அடுத்த சேவ் வந்ததும் எழுந்துவிடுவேன்." பிள்ளைகளும் நானும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். நான் மீறினால் மகள் நோட்டை எடுத்துக் காட்டுவாள். அப்படிக் காட்டும் உரிமை அவளுக்கு இருப்பதால்தான் அவளும் மதிக்கிறாள்.

கூப்பிடுகிறவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த அறையிலிருந்து "அணை!" என்று கத்தாதீர்கள். பக்கத்தில் வந்து, அரை நிமிடம் திரையைப் பார்த்து, "எங்கே இருக்கிறாய்?" என்று கேளுங்கள். குழந்தை தானாகவே எங்கே நிறுத்தலாம் என்று சொல்லும். அந்த இடம் வந்தபின்னும் எழவில்லை என்றால் கண்டிப்பு தேவை. அங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை. மறுநாள் கன்ட்ரோலர் அலமாரிக்குள் போய்விடும்.

பெரியவர்களுக்கான விதி இதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர் என்று நான் ஒருத்தி மட்டும் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் ஆன்லைன் மேட்ச் தொடங்குவதில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லாத நாட்களிலும் அப்படியே. அப்போது நிறுத்தி வைக்க முடிகிற கேம் மட்டும், அதுவும் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு. இரண்டு காதையும் மூடிக்கொள்வது பிள்ளைகள் தூங்கி, கணவர் விழித்திருக்கும் நேரத்தில்.

விளையாடாதவரைப் பக்கத்தில் உட்கார வைப்பது

இங்கே நான் பெரிய தவறு செய்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 2021இல் இட் டேக்ஸ் டூ வந்தது. பிரியப்போகும் ஒரு தம்பதி பொம்மைகளாக மாறிவிடும் கதை. இருவர் இல்லாமல் ஆடவே முடியாது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதை தி கேம் அவார்ட்ஸ் மேடையில் பெற்றது. கணவரோடு ஆட இதைவிடப் பொருத்தமானது எது என்று ஆசையோடு அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கட்டைவிரலால் நடப்பதும், அதே நேரத்தில் வலது கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவதும் நமக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. புதியவருக்கு அது இரண்டு கையாலும் இரண்டு வேறு கடிதம் எழுதுவது போன்றது. நான் பொறுமையிழந்து, "கொடுங்க, நான் செய்கிறேன்" என்று கன்ட்ரோலரை வாங்கிவிட்டேன். அவர் எட்டு மாதம் திரும்பத் தொடவில்லை.

அடுத்தவர் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்காதீர்கள். அவரே கேட்டால் மட்டும் வாங்குங்கள். தொடங்குவதற்கு, பார்வையைத் திருப்பும் வேலை இல்லாத கேமைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு உதவியது மரியோ கார்ட் 8 டீலக்ஸ். அதில் கார் பாதையைவிட்டு விழாமல் தானே திரும்பிக்கொள்ளும் வசதியும், தானே வேகமெடுக்கும் வசதியும் இருக்கின்றன. இரண்டையும் அவருக்கு மட்டும் போட்டுவிடலாம். மற்றவர்கள் வழக்கம்போல ஓட்டலாம். ஏழு வயது மகனும் அப்பாவும் அடுத்தடுத்து முடித்தார்கள். அதன்பின் சூப்பர் மரியோ ஒடிசி. அதில் ஒருவர் மரியோ, இன்னொருவர் அவன் தொப்பி. தொப்பியாக இருப்பவர் தவறு செய்தாலும் ஆட்டம் கெடுவதில்லை, உதவி செய்தால் பெரிதும் தெரியும். கணவர் இரண்டு மாதம் தொப்பியாகவே இருந்தார். பிறகு ஒருநாள் அவரே, "அந்தப் பொம்மை ஆட்டத்தை எடு" என்றார்.

மாமியார் கன்ட்ரோலரைத் தொட மாட்டார். ஆனால் கதை உள்ள கேம் ஓடினால் வந்து உட்காருவார். அவருக்காக எழுத்துகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடுவேன். யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று அவர் சொல்வதைக் கேட்டுத்தான் பல இடங்களில் பதிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பார்ப்பவருக்கும் ஒரு முடிவு எடுக்கும் வாய்ப்பைக் கொடுங்கள்.

பணமும் வயதும்

வயது முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு முறையான பெகி (PEGI) 2003இலிருந்து 3, 7, 12, 16, 18 என்று ஐந்து நிலைகளில் தருகிறது. அது உள்ளடக்கத்தைப் பற்றியது. ஆட்டம் கடினமா எளிதா என்பதை அது சொல்லாது. 3 என்று போட்டிருப்பதால் மூன்று வயதுக் குழந்தையால் ஆட முடியும் என்று பொருள் இல்லை. கேமுக்குள் பணம் செலவழிக்கும் வசதி இருக்கிறதா என்பதற்குத் தனிக் குறிப்பு இருக்கும். அதையும் தேடிப் படியுங்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாமலே வாங்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இல் பெல்ஜியம் முடிவு செய்தது. நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். என் கார்டு விவரம் பதிவாகியிருந்த கணக்கில் மகன் ஒருமுறை மூன்று பெட்டிகளை வாங்கிவிட்டான். அவனைத் திட்டவில்லை. கடவுச்சொல் போடாமல் விட்டது நான். அன்றே கார்டை நீக்கினேன். இப்போது பிள்ளைகளின் கணக்கில் எந்தக் கார்டும் இல்லை.

அடிமைத்தனம் பற்றிய அச்சம் மாமியாருக்கு மட்டும் அல்ல, எனக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாவது, கேடு வந்த பிறகும் தொடர்வது என்பவை அதன் அடையாளங்கள். பொதுவாக 12 மாதமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ பெரிதும் பாதிக்க வேண்டும். சேவ் போனதற்காக அழும் குழந்தை அந்தக் கணக்கில் வராது. நண்பர்களையும் தூக்கத்தையும் மாதக்கணக்கில் விட்டுவிட்ட குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நோட்டுப் புத்தகம் அதற்குப் போதாது.

புதிய கேம் ஒன்று வீட்டுக்குள் வந்தால் முதல் நாளே யாரும் அதைப் பற்றிச் சட்டம் பேசாதீர்கள். ஒரு வாரம் ஆடிப் பார்த்த பிறகு, ஆடியவரே நோட்டில் அதற்கான வரியை எழுதட்டும். போன மாதம் கணவர் தனக்கென ஒரு புதிர் விளையாட்டு வாங்கினார். அவர் எழுதிய வரி இது: "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு புதிர் 10 நிமிடம். கடைசிப் புதிரில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்."