ஆயில் போல்ட்டை முறுக்காதீர்கள்

போன ஞாயிறு எங்கள் குடியிருப்பு பார்க்கிங்கில் ஒரு பையன் ஸ்ப்ளெண்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். கடைசியில் அடி போல்ட்டை மாட்டிவிட்டு ஸ்பேனர் மேல் காலை வைத்தான். "தம்பி, நிறுத்து!" என்று கத்தியே விட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வைத்த அதே கால்.

ட்ரெயின் போல்ட்

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அடி போல்ட் இது. போல்ட் இரும்பு, அது உட்காரும் சேம்பர், அதாவது இன்ஜினின் அடி உறை, அலுமினியம். அளவுக்கு மீறி முறுக்கினால் சேம்பர் மரைதான் பிய்யும். எரிச்சல் என்னவென்றால், அது அன்றைக்கே தெரியாது. எனக்கு அடுத்த ஆயில் மாற்றத்தில்தான் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றினால் மரையில் வெள்ளிக் கம்பி மாதிரி அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. திரும்ப மாட்டினால் சும்மா சுற்றுகிறது. டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டினேன், அது அடுத்த முட்டாள்தனம். அந்த ஓட்டைக்கு நேர் பின்னால்தான் பின்சக்கரம் வருகிறது. ஒழுகிய ஆயில் டயரில் பட்டு, ஒரு வளைவில் வண்டி லேசாக வழுக்கியது. அன்றே தள்ளிக்கொண்டு போனேன்.

முதல் கடையில் இன்ஜினையே இறக்கி சேம்பர் மாற்ற வேண்டும் என்றார்கள். அப்புறம் ஒரு லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, உள்ளே ஸ்லீவ் என்கிற குழல் போட்டுக் கொடுத்தார்கள். கடைக்கூலி நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரத்து முந்நூறு செலவு.

ஆயிலை அடைப்பது முறுக்கு இல்லை, வாஷர். சில ரூபாய்தான், புதிதாகப் போடுங்கள். போல்ட்டை விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். விரலுக்கு வராவிட்டால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி வையுங்கள். உட்கார்ந்த பிறகு சின்ன ஸ்பேனரைப் போல்ட் தலைக்குக் கிட்டப் பிடித்து, வாஷர் நசுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள்.

ஆயில் அளவு

ஸ்ப்ளெண்டரில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) திருகாமல், சும்மா செருகிப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கும், இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கட்டும்.

காரில் மிச்சமான ஆயில்

ஊற்றாதீர்கள். பைக் கிளட்ச் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. கார் ஆயிலில் உரசலைக் குறைக்கும் சரக்கு இருந்தால் கிளட்ச் வழுக்கும். பாட்டிலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று இருக்கிறதா பாருங்கள், இப்படி ஆயிலில் முங்கும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறி அது.

இன்ஜினை ஓடவிட்டு செயின் துடைப்பது

விரல் போகும்.

கடைக்கு எது?

டிஸ்க் பிரேக்கில் காற்று எடுப்பது, வால்வு இடைவெளி, ஃபோர்க் ஆயில் எல்லாம் இன்னும் கடையில்தான் கொடுக்கிறேன். ஆனால் பக்கத்திலேயே நிற்பேன். ஸ்பேனரில் பைப் செருகி முறுக்குகிற ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.