கேமுக்கும் வேலைக்கும் ஒரே கம்ப்யூட்டர்: மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்

என் அக்கா மகன் பகலில் ப்ரோகிராம் எழுதுகிறான், இரவில் கேம் ஆடுகிறான். புது கம்ப்யூட்டர் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் ஒரு பட்டியல் கொண்டுவந்து காட்டினான். ப்ராசஸர் முதல் கேபினட் வரை எல்லாம் இருந்தன. கடைசி வரி: "மானிட்டர், மிச்சப் பணத்தில்." அந்த வரியைத் தூக்கி மேலே வைத்ததும் பட்டியலில் பாதி மாறிப்போனது. அதே வரிசையில்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்.

படி 1: மானிட்டர்

கிராஃபிக்ஸ் கார்டு திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் வரைந்தாக வேண்டும். 1080பி (மேலிருந்து கீழாக 1080 வரிசைப் புள்ளிகள்) திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். எந்த கார்டு வேண்டும் என்பதை மானிட்டர்தான் முடிவு செய்கிறது. அதனால்தான் அது முதலில்.

அடுத்து அளவு. 24 அங்குல 1080பி திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 புள்ளிகள். அதே 1080பியை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகிவிடும். 27 அங்குல 1440பி என்றால் 109. தமிழில் படித்து எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் அடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளி, 'கி'யையும் 'கீ'யையும் பிரித்துக் காட்டும் சின்னச் சுழி, இவையெல்லாம் சிறிய எழுத்தில் மங்குவது குறைந்த அடர்த்தித் திரைகளில்தான். நான் 27 அங்குல 1080பி வாங்கிவிட்டு, மூன்று வருடம் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தே வேலை பார்த்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்குத் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கு 16.7 மில்லிநொடி, 144இல் 6.9, 240இல் 4.2. அறுபதிலிருந்து 144க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிநொடி மிச்சம். அங்கிருந்து 240க்குப் போனால் மூன்றுகூட இல்லை. போட்டிகளில் ஆடுகிறவர் தவிர மற்றவர்களுக்கு 144 முதல் 180 வரை போதும். நீளமான கோப்பை உருட்டிப் படிக்கும்போதும் அந்த வழுக்கல் சுகம் தெரியும்.

பேனல் என்பது திரையின் தொழில்நுட்ப வகை. அதில் ஐபிஎஸ் வாங்குங்கள். இன்னொரு வகையான விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் இருட்டுக் காட்சிகள் வேகமாக நகரும்போது நிழல் இழுபடுவது உண்டு. ஓலெட் பார்க்கப் பிரமாதம். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் ஒரே டாஸ்க்பார், ஒரே எடிட்டர் என்று நின்றால் நாளடைவில் தடம் பதிந்துவிடும் அபாயம் இருக்கிறது. உயரத்தை ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு கட்டாயம் பாருங்கள், கழுத்து வலிக்கு அதுதான் மருந்து.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ். பட்ஜெட் இடித்தால் 24 அங்குல 1080பி.

படி 2: கிராஃபிக்ஸ் கார்டு

பணத்தில் பெரிய பங்கு இதற்குத்தான். 1440பிக்கு 12 அல்லது 16 ஜிபி நினைவகம் உள்ளதாகப் பாருங்கள். 8 ஜிபி இப்போதே புது கேம்களில் மூச்சு வாங்குகிறது. ஒரு எச்சரிக்கை: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபியிலும் வருகின்றன, 16 ஜிபியிலும் வருகின்றன. பெயரை மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள். பிளெண்டர் (முப்பரிமாண மென்பொருள்), ஏஐ வேலை இருந்தால் என்விடியா பக்கம் போவது நல்லது. அந்த மென்பொருள்களில் பல, கார்டில் கணக்குப் போட உதவும் அதன் 'கூடா' (CUDA) தளத்தை நம்பியே எழுதப்பட்டவை.

படி 3: ப்ராசஸர், மதர்போர்டு

ஏஎம்டியின் ரைசன் 5 7600 நல்ல தொடக்கம். 6 கோர், 12 த்ரெட், பெட்டியிலேயே கூலர் வரும். ப்ராசஸர் மதர்போர்டில் உட்காரும் இடம்தான் சாக்கெட். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வீடியோ எடிட்டிங் அதிகம் என்றால் எட்டு கோருக்கு ஏறுங்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்காது. கார்டு பழுதான அன்று திரையில் எதுவும் வராது, அன்றைய வேலையும் நின்றுவிடும். மதர்போர்டு பி650 போதும். இந்த சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான், பழைய டிடிஆர்4 ரேம் பொருந்தாது.

படி 4: ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி குச்சிகள் இரண்டு. 32 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், வேகம் குறையும். 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி. அவ்வளவுதான்.

படி 5: எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ்

எஸ்எம்பிஎஸ் என்பது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. கேபினட்டோடு சேர்ந்து வருவதைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். மொத்த கம்ப்யூட்டரின் உயிரும் இதன் கையில் இருக்கிறது. கார்டு 180 வாட், ப்ராசஸர் 90, மற்றவை 60 என்று வைத்தால் 330 வாட். 650 வாட் தரமான எஸ்எம்பிஎஸ் தாராளம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் வீணாகாததைத்தான் சொல்கிறது. தரத்துக்கு வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். ஐந்துக்குக் குறையக் கூடாது.

யூபிஎஸ் வாங்கும்போது விஏவையும் (இது வோல்ட்-ஆம்பியர், பேனல் வகை அல்ல) வாட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டு உபயோக 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் கேம் நடுவே கரண்ட் போகும்போது யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். 1000 விஏக்கு மேல் பாருங்கள்.

படி 6: பொருத்திய பிறகு

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். அப்புறம் மூன்று வேலை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில். பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை இயக்குங்கள், இல்லையென்றால் 6000 என்று வாங்கிய ரேம் 4800 போன்ற குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். அக்கா மகனின் புது 165 ஹெர்ட்ஸ் திரை, நாங்கள் மாற்றும் வரை 60இல்தான் நின்றிருந்தது.