பாக்டீரிய ஆக்டின் இழைகள்: புதிய ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் செல்களில் இழைகளாகக் கோத்துக்கொள்ளும் ஆக்டின் என்ற புரதத்துக்கு உறவான பாக்டீரியப் புரதங்களை ஆராய வருபவர்கள், என் தலைமுறையினர் செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைக் காண்கிறேன். கைத்தவறுகள் பழக்கத்தில் தாமாகச் சரியாகிவிடும். இழையின் அமைப்பையே மாற்றிக் காட்டிவிடும் பிழைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒளிரும் சுருளை நம்பிவிடுதல்

கோல்வடிவச் செல்லின் வடிவத்தைக் காக்கும் எம்ரெ-பி புரதம் செல்லைச் சுற்றி நீண்ட சுருளாக ஓடுகிறது என்ற கருத்து, 2001இல் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியத்தில் எடுக்கப்பட்ட ஒளிர்வு நுண்ணோக்கிப் படங்களிலிருந்து பரவியது. 2011இல் வெளிவந்த மூன்று ஆய்வுகளோ, அது தனித்தனித் திட்டுகளாக இருந்து, செல்சுவர் கட்டப்படும் விசையால் செல்லின் நீளத்துக்குக் குறுக்காக நகர்வதைக் காட்டின. மறு ஆண்டில் ஸ்வூலியஸ், ஜென்சன் என்ற ஆய்வாளர்கள் ஈ. கோலை பாக்டீரியத்தைக் கிரையோ எலக்ட்ரான் டோமோகிராபியில் (உறையவைத்த செல்லைப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணமாக்கும் முறையில்) ஆராய்ந்தார்கள். புரதச் சங்கிலியின் தொடக்கமான அமினோ முனையில் மஞ்சள் ஒளிர் புரதம் ஒட்டிய எம்ரெ-பி சுருளாயிற்று. எதுவும் ஒட்டாத எம்ரெ-பி அதே அளவில் இருந்தும் சுருளாகவில்லை. ஒளிர் புரதத்தை உள்வளையம் ஒன்றில் செருகியபோதும் சுருள் தோன்றவில்லை. ஈ. கோலையின் எம்ரெ-பி சவ்வைப் பற்றுவதே அந்த அமினோ முனையால்தான் என்பதை எண்ணினால், அங்கே இவ்வளவு பெரிய புரதத்தை ஒட்டுவது எத்தனை விபரீதம் என்பது விளங்கும்.

இவ்வளவு தெளிவாக நிறுவப்பட்ட பின்னும், அண்மையில் ஓர் இளம் ஆய்வாளர் உறைபெட்டியில் கிடந்த, ஒளிர் புரதம் ஒட்டிய எம்ரெ-பியின் மரபணுவைச் சுமக்கும் பழைய பிளாஸ்மிடை (வளைய டிஎன்ஏவை)க் கொண்டு எடுத்த அழகான சுருள் படங்களை என்னிடம் காட்டினார். ஒட்டுப் போடாத புரதத்தோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்டேன், ஒப்பிடவில்லை. பல மாத உழைப்பு அதோடு வீணாயிற்று. அந்த ஒப்பீடு இல்லாத படத்தை யார் காட்டினாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

எல்லா இழையையும் ஆக்டினாகவே எண்ணுதல்

ஆக்டினின் இரு சரங்களும் ஒரே திசை நோக்கி வலஞ்சுழியாக முறுக்கியவை. செல் பிரியும்போது ஆர்1 என்ற பிளாஸ்மிடை மகள் செல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பார்-எம் புரதத்திலும் சரங்கள் ஒரே திசையில்தான் உள்ளன, ஆனால் முறுக்கு இடஞ்சுழி. எம்ரெ-பியின் இரு சரங்களோ முறுக்கின்றி எதிரெதிர்த் திசையில் இணைகின்றன. ஆகவே ஆக்டினுக்கு உள்ளதுபோல் வேகமாக வளரும் முனை, மெதுவாக வளரும் முனை என்று அந்த இரட்டை இழையில் பிரித்துப் பேச இடமில்லை.

முறுக்கின் திசையைத் தட்டைப் படத்தில் தேடுதல்

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் தட்டைப் படத்தில் இழையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், முறுக்கு வலமா இடமா என்பது அதில் தெரியாது.

அமினோ அமில வரிசையை மட்டும் ஒப்பிடுதல்

ஆக்டினோடு வரிசை ஒற்றுமை மிகக் குறைவு, புரதம் முப்பரிமாணத்தில் மடிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்.

கிரிட் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) தயாரிப்பைத் தள்ளிப்போடுதல்

கலவையில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தீர்ந்தால் பார்-எம் இழைகள் கலைந்துவிடும்.