சிஸ்டத்தைத் திரும்பக் கட்டும்போது போஸ்ட்ஃபிக்ஸ் போகாமலிருக்க

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் மெயிலில்தான் ஓடுகின்றன. அங்கே ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் சர்வரில் சென்ட்மெயில் என்ற மெயில் நிரலை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருப்பவர்கள், சிஸ்டத்தை மூலநிரலிலிருந்து திரும்பக் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பெரிய தவறு, சிஸ்டத்துக்குச் சொந்தமான கோப்பின் மேல் நம்முடையதை வைப்பது. யூஎஸ்ஆர் எஸ்பின் அடைவில் சென்ட்மெயில் என்ற பெயரில் இருப்பது மெயில்ராப்பர் என்ற சின்ன நிரல். மெயிலர்.கான்ஃப் கோப்பைப் பார்த்து, அதில் சொல்லியிருக்கும் மெயில் நிரலிடம் வேலையைக் கொடுப்பதோடு அதன் பொறுப்பு முடிந்தது. இது தெரியாமல் அந்தப் பெயரில் போஸ்ட்ஃபிக்ஸை நேரே நகலெடுத்து வைத்தால், அடுத்த இன்ஸ்டால்வேர்ல்ட் (கட்டிய சிஸ்டத்தை நிறுவும் கட்டளை) அதை அழித்துவிட்டுப் பழையபடி மெயில்ராப்பரை வைக்கும். அது பிழையல்ல, அதன் வேலையே அதுதான். நாம் தனியாக நிறுவும் நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவை மட்டும் அது தொடாது. போஸ்ட்ஃபிக்ஸ் அங்கேயே இருக்கட்டும், மெயிலர்.கான்ஃப் அதைச் சுட்டினால் போதும்.

அந்த மெயிலர்.கான்ஃப் எட்சி அடைவில் இருந்தால், அங்குள்ள அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் எட்சிஅப்டேட் ஓடும்போது கவனம் தேவை. முரண்பாடு காட்டும் இடங்களில் அவசரத்தில் புதியதையே ஏற்றுக்கொண்டால் உங்கள் வரிகள் போய்விடும். முன்கூட்டியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். 2023இல் வந்த 14.0 பதிப்பிலிருந்து இயல்பாக வரும் மெயில் நிரல் டிஎம்ஏ. மெயிலர்.கான்ஃப் அதற்கு மாறிவிட்டால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பும் மெயில் போஸ்ட்ஃபிக்ஸைத் தொடாமலே வெளியே போகும். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகிம் கையொப்பம் இருக்காது. பையர் பக்கம் ஸ்பேமில் விழலாம்.

சென்ட்மெயிலே வேண்டாம் என்றால், சிஸ்டத்தில் எதைக் கட்டுவது என்று சொல்லும் எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் ‘வித்அவுட் சென்ட்மெயில்’ போடலாம். மெயில்ராப்பரையும் சேர்த்து விலக்காதீர்கள்.

பெரிய பதிப்பு மாறும்போது இன்னொரு ஆபத்து உண்டு. பழைய நூலகங்களை (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புகளை) நீக்கும் ‘டெலீட் ஓல்ட் லிப்ஸ்’ கட்டளையை முதலிலேயே கொடுத்தால், அவற்றை நம்பியிருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் எழவே எழாது. பேக்கேஜ்களை எல்லாம் புதுப்பித்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும்.

சோதிக்கும்போதும் பலர் வெளியிலிருந்து மெயில் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். சர்வருக்குள்ளிருந்தே ஒரு மெயில் அனுப்பி, மெயில்லாக் கோப்பில் உள்ளிருந்து வரும் மெயிலை எடுத்துக்கொள்ளும் போஸ்ட்ஃபிக்ஸின் ‘பிக்கப்’ வரி பதிவாகிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் முதலில் மெயிலர்.கான்ஃபைத் திறந்து பாருங்கள்.